ஒழுகாத ஓஸ்

காலையில் மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். ஓஸ் நடுவில் பொத்துக்கொண்டு, செடியை விட்டுவிட்டு என் வேட்டியை நனைத்தது. "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்றாள் மனைவி. ஓஸ் ரிப்பேரில் என் கைராசி அவளுக்குத் தெரியாது.

சென்னை எம்.கே.பி. நகரில் இருந்தபோது தண்ணி லாரி எங்கள் சந்துக்குள் நுழையாது. எங்களிடம் பாதி ஓஸ், எதிர்வீட்டு சரோஜா அக்காவிடம் பாதி. ஒன்றின் வாயில் இன்னொன்றைச் செருகி, சைக்கிள் டியூபைச் சுற்றினால்தான் தண்ணீர் வீடு வரைக்கும் வரும். அப்படியும் ஒழுகும், பிய்த்துக்கொள்ளும். அதனால் ட்ரம் நிரம்பும்வரை ஆளுக்கொரு பக்கமாக அம்மாவும் சரோஜா அக்காவும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

இதற்கிடையில் துணி காயப்போடும் கொடி விஷயத்தில் இருவருக்கும் சண்டை. பேச்சு நின்றது. ஆனால் தண்ணீர் வேண்டுமே! பிடித்துக்கொண்டு ஓஸிடம் பேச ஆரம்பித்தார்கள்.

"ஏ ஓஸு, அடுப்புல பருப்பு கீது, சீக்கிரம் ரொம்பு" என்பார் சரோஜா அக்கா.

"ஏ ஓஸு, அந்தம்மா பொண்ணுக்கு பல்லு வலி இன்னா ஆச்சுன்னு கேளு" என்பாள் அம்மா.

பல் பிடுங்கியது முதல் மாமியார் அழிச்சாட்டியம் வரை எல்லாம் ஓஸ் வழியாகவே போய் வந்தது. இன்னும் நாலு லாரி வந்திருந்தால் நேராகவே பேசியிருப்பார்கள்.

அப்போதுதான் எனக்குத் தண்டையார்பேட்டை லேத் பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. தொழில் தெரிந்தவன் சும்மா இருப்பானா? ஒரு துண்டு இரும்புப் பைப், இரண்டு கிளிப்பு. முறுக்கிய முறுக்கில் ஒரு சொட்டு கசியவில்லை. சந்தே மெச்சியது. பிடிக்க ஆள் வேண்டாம் என்றானதும், லாரி வந்தால் இருவரும் அவரவர் வாசலிலேயே நின்றுகொண்டார்கள்.

ஆறு மாதம் கழித்து சரோஜா அக்காவுக்கு எர்ணாவூர் வாரியக் குடியிருப்பில் வீடு ஒதுக்கினார்கள். சாமான் ஏறும்போது அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். வண்டி போன பிறகுதான் வெளியே வந்தாள். அவர்களுடைய பாதி ஓஸ், எங்கள் பாதியோடு அப்படியே கிடந்தது.

"தண்ணி ஒயுகினே இருந்தா இன்னாடா கெட்டுப்போச்சு? உன்ன எவன்டா ரிப்பேர் பண்ண சொன்னான்?" என்று என்மேல் பாய்ந்தாள்.

இப்போது அந்தக் குடியிருப்பை இடித்துக் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு குழாய், திருகினால் தண்ணீர். எர்ணாவூரில் எந்த பிளாக் என்று அம்மா இன்றும் எப்போதாவது கேட்கிறாள். அன்றைக்கு வண்டியில் சாமான் ஏற்றிக் கொடுத்தவன் நான்தான். கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.