டிரைவருக்குப் படம் சொன்னவன்

என் தம்பி ரயில்வே சிக்னல் கேபினில் முப்பத்திரண்டு வருஷம் லீவர் இழுத்தவன். இழுத்து இழுத்து வலது தோள் ஒரு விரற்கடை இறங்கிப்போச்சு. நான் அவனுக்கு ஏழு வயசு மூத்தவள். என் வீட்டுக்காரர் போன பிறகு அவன் வீட்டில்தான் இருக்கிறேன்.

அவன் பயந்தவன். சும்மா பயம் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கையில் இருக்கிற டம்ளரைக் கீழே வைத்துவிடுவான். வாசலுக்கு என்னைத்தான் அனுப்புவான். "லெட்டர்ல தேளா ஒட்டி அனுப்பறாங்க?" என்று திட்டிக்கொண்டே போவேன். பெரும்பாலும் கரண்டு பில்லாக இருக்கும்.

அப்படிப்பட்டவன் மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியானமே சவரம் பண்ணிக்கொண்டு கிளம்பிவிடுவான். பழைய ரயில் படம் பார்க்கிற சங்கம் அது. நூலகத்து மாடியில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, வெள்ளைச் சுவரில் படம் ஓட்டுவார்கள். யார் யாரோ எப்போதோ எடுத்த சுருள்கள். நீராவி எஞ்சின், மரப்பெட்டி, பாலம், புகை. படத்தில் சத்தம் கிடையாது. அந்தக் குறைக்கு ஒரு டெய்லர் வாயாலேயே எஞ்சின் ஓட்டுவார். "நிறுத்து, பின்னாலே விடு, சக்கரம் ஆறா எட்டான்னு எண்ணணும்" என்பார் ஒருத்தர். "எண்ணி என்ன பண்ணப்போறே, கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகப்போறியா?" என்பார் இன்னொருத்தர். எல்லாம் தலை நரைத்த ஆட்கள்.

அங்கே ஒரு பழைய எஞ்சின் டிரைவர் வருவார். இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. என் தம்பி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சுவரில் ஓடுகிறதையெல்லாம் அவர் காதில் சொல்வான். பதினொரு வருஷமாகச் சொல்கிறான். பாசம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன மாசம் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கே வந்தார். ஆளுக்கு முகமெல்லாம் பல்.

"உங்க ஸ்டேஷன்ல வண்டி மோதிச்சே, அன்னிக்கு எடுத்த படம் கெடைச்சிருக்கு. யாரோ நடைபாலத்து மேல நின்னு எடுத்து, டிரங்குப் பெட்டியில போட்டு வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை ஓட்டறோம். நீங்களும் டிரைவரும்தான் முன்வரிசை."

அவர் படி இறங்குகிற சத்தம் ஓய்ந்ததும் தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அப்போதுதான் எனக்கே சொன்னான்.

கைகாட்டி இறங்கியிருந்தால் வண்டி உள்ளே வரலாம், ஏறியிருந்தால் வெளியே நிற்க வேண்டும். அன்றைக்கு உள்ளே ஒரு சரக்கு வண்டி நிற்பதை மறந்துவிட்டு இவன் கைகாட்டியை இறக்கிவிட்டான். இதே டிரைவர்தான் அதை நம்பி வண்டியை உள்ளே விட்டார். மோதின சத்தம் கேட்டதும் இவன் லீவரைத் தள்ளி மறுபடி ஏற்றிவிட்டான். விசாரணையில், "நான் இறக்கவே இல்லை" என்று சொல்லிவிட்டான். போய்ப் பார்த்தவர்களுக்கும் ஏறின கைகாட்டிதான் தெரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் டிரைவரை எஞ்சினிலிருந்து இறக்கி, நிலக்கரி மேட்டில் கூடை கணக்குப் பார்க்கப் போட்டார்கள்.

"அவருக்குத் தெரியாதா?" என்றேன்.

"ரெண்டு வருஷம் கழிச்சு கேபினுக்கே வந்தாரு அக்கா. என் கண்ணு அப்பவே மங்க ஆரம்பிச்சிருக்கு போல, ஏறின கைகாட்டி எறங்கின மாதிரி தெரிஞ்சிருக்கு, உன்மேல வீணா பழி சொல்லிட்டேன்னு எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"பரவாயில்லைன்னு சொன்னேன்."

எனக்கு அவனை அறையத் தோன்றியது. அறுபத்தெட்டு வயசுக்காரனை எங்கே அறைவது.

"படம் எடுத்தவனை அன்னிக்கே ஜன்னல் வழியா பார்த்தேன்" என்றான். "என்னிக்காவது அது வரும். வர்ற அன்னிக்கு அவர் பக்கத்துல நான் இருக்கணும். வேற யாரும் அவருக்குப் படம் சொல்லிடக் கூடாது. அதுக்குத்தான் போனேன்."

ஞாயிற்றுக்கிழமை நானும் வருவேன் என்றேன். வேண்டாம் என்றான். அவன் செருப்பு மாட்டுவதற்கு முன்னால் நான் என்னுடையதை மாட்டிக்கொண்டேன்.

கறுப்புத் துணிக்குள்ளே ஒரே புழுக்கம். படம் வந்தது. முதலில் வெறும் தண்டவாளம். பிறகு தூரத்தில் புகை. டெய்லர் வாயாலே எஞ்சின் ஓட்ட ஆரம்பித்தார். சுவரின் இடது ஓரத்தில் ஒரு கம்பம். அதன் கை சாய்ந்து கீழே தொங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத எனக்கே தெரிந்தது.

சங்கத்துக்காரர்கள் ஒருத்தர்கூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எஞ்சின் வந்துவிட்டால் அவர்களுக்கு வேறு எதுவும் தெரியாது.

"நிறுத்து. புகைபோக்கி குட்டை, பார்த்தியா?"

"குட்டை இல்லைய்யா, மேலேருந்து எடுத்தா அப்படித்தான் தெரியும்."

டிரைவர் தலையைத் தம்பி பக்கம் சாய்த்தார். "கைகாட்டி தெரியுதா தம்பி?"

தம்பி அவர் காதருகே குனிந்தான்.

"தெரியுதுண்ணே."

"ஏறியிருக்கா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருட்டில் யாருக்கும் தெரியாது. சாகிறவரைக்கும் தெரியாது. அவன் ஆமாம் என்று சொல்லிவிடட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். அதை மறைக்க மாட்டேன்.

"எறங்கியிருக்குண்ணே" என்றான்.

சுவரில் எஞ்சின் நின்ற இடத்திலேயே நின்றது. பின்னால் புகைபோக்கிச் சண்டை ஓயவில்லை.

"எப்ப ஏத்தினே?" என்றார் டிரைவர்.

"மோதினதுக்கு அப்புறம்."

அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குப் பயம் குறைந்திருக்கும். "மறுபடி போடச் சொல்லு" என்றார். போட்டார்கள். தம்பி மறுபடி சொன்னான். மூன்றாம் தடவையும் கேட்டார். மூன்றாம் தடவை டெய்லர் சத்தத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒவ்வொருத்தராகப் பார்த்தார்கள்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார் டிரைவர், யாரிடமென்று இல்லாமல். கொஞ்சம் கழித்து, "நாளைக்குக் காலையில ரயில்வே ஆபீசுக்கு வா. இங்கே சொன்னதை அங்கே சொல்லு" என்றார்.

அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. "பென்ஷனை நிறுத்திடுவாங்களா அக்கா? போலீஸ் வருமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். தெரியாதுடா என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியாது.

காலையில் மூன்று பேரும் ஆபீஸ் நடையில் பெஞ்சில் உட்கார்ந்தோம். கிளார்க் இரண்டு தடவை எட்டிப் பார்த்தான். "இவ்வளவு பழைய கேஸ் ஃபைல் எந்த அலமாரியில இருக்கோ, உக்காருங்க" என்றான். தம்பியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். தைரியத்துக்குப் பிடித்தாரா, எழுந்து ஓடிவிடுவான் என்று பிடித்தாரா, எனக்குத் தெரியவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். டிரைவர் பிடியை விடாமலே எழுந்தார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"போ" என்றேன். "நான் இங்கேதான் இருக்கேன்."