ராகுகாலத்தின் மேல் போட்ட பழி

டூங்கபிப் புறநகரில் எங்கள் வீட்டு வாசலில், மனைவியின் தம்பி சிவத்தின் யூட் என்ற சிறு சரக்கு வண்டிக்குப் பின்பக்க ஷாக் அப்சோர்பர்களை மாற்றினேன். அடி நட்டுகளைக் கையால் மட்டுமே திருகியிருந்தேன். வண்டியை ஜாக்கிலிருந்து இறக்கிய பிறகுதான் அவற்றை இறுக்க வேண்டும்.

இறக்கியதும் சிவம் அவசரப்பட்டான். "அத்தான், ராகுகாலம் தொடங்கப்போகுது. போயிட்டு வாறன்."

"எஞ்சினியர் பூட்டின வண்டியை ராகு என்னடா செய்யும்? ஓடு!"

அவன் தெருமுனையில் திரும்பும்போதுதான் நட்டுகள் நினைவுக்கு வந்தன. அவன் திரும்பி வந்ததும் இறுக்கலாம் என்று தேநீர் குடிக்கப் போனேன்.

வழியில் ஷாக் அப்சோர்பர் கழன்று பிரேக் குழாயை அறுத்தது. விபத்தில் சிவத்தின் வலது கால் போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவன் சொன்னான்: "வெளிக்கிடப் பிந்திட்டுது அத்தான். ராகுகாலம் பிடிச்சிட்டுது."

"ஓம்," என்றேன்.

பல வருடங்கள் கழித்துச் சாகும்வரை அவன் அந்த நேரத்தையே திட்டினான். ராகுகாலத்தை நான் ஒருநாளும் நம்பியதில்லை. ஆனாலும் இத்தனை காலமும் அதன் பின்னால்தான் ஒளிந்திருக்கிறேன்.