மேற்பார்வைக் கமிட்டியின் பெஞ்சு

யுத்த காலத்தில் எங்கள் ஊரில் அரிசிக்குத்தான் பஞ்சம், கமிட்டிகளுக்கு இல்லை. போலீஸ் பறிமுதல் செய்ததை ஏலம் விட்டு வருகிற பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பொதுமக்கள் சார்பில் பார்ப்பதற்கும் ஒன்றை அமைத்தார்கள். கருப்பட்டிக் கடைக்காரனான என்னையும் அதில் போட்டார்கள். எனக்கு இங்கிலீஷில் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. மேற்பார்வைக்கு இதைவிடத் தோதான ஆள் எங்கே கிடைப்பான்?

தலைவர் ரிட்டயரான தாசில்தார். அவர் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் காப்பி வரும். இரண்டாவது காகிதம் என்றால் வடையும் உண்டு.

முதலில் எங்கள் கைக்கு வந்தது ஒரு வள்ளம். தருவைகுளத்துக்காரர் ஒருவர் பெர்மிட் இல்லாமல் அரிசி ஏற்றினார் என்று பிடித்திருந்தார்கள். கேஸ் முடியும்வரை கரையில் கிடந்தால் வெயிலில் வெடித்துவிடுமாம். அந்தக் கரிசனத்தில் தீர்ப்புக்கு முன்பே ஏலம் போட்டார்கள். வள்ளம் போய்விட்டால் அவர் அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குத்தான் போகவேண்டும்.

ஏலத்தன்று கரையே திரண்டு வந்தது. கஷ்டத்தில் இருப்பவன் வள்ளத்தை அந்தக் கரையில் எவனும் ஏலம் கேட்கமாட்டான். கேட்டால் அவன் முகத்தில் யாரும் விழிக்கமாட்டார்கள். அதனால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நாலு பேர் சேர்ந்து எடுத்து அவரிடமே கொடுக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. என் மடியிலும் பணம் இருந்தது. நானும் பெருந்தன்மையாக வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் வெளியூர் மரக்கடை முதலாளி ஒருவர் விறகு விலைக்கு எடுத்துப்போனார். எங்கள் மானம் தப்பியது.

அந்தப் பணத்தைப் பொதுநலத்துக்குத்தான் செலவிடவேண்டும் என்றார் தலைவர். பொதுமக்கள் சார்பில் நாங்கள் அப்போது தரையில் உட்கார்ந்திருந்தோம். ஆகவே எங்களுக்குப் பெஞ்சு வாங்குவதே பொதுநலம் என்று முடிவாயிற்று. ஆர்டர் அதே மரக்கடைக்குப் போனது. அன்று எனக்கு வடையும் கிடைத்தது.

ஏழெட்டு மாதத்தில் கேஸ் தள்ளுபடியானது. அரிசி அனுப்பிய வியாபாரியிடம் பெர்மிட் பத்திரமாக இருந்திருக்கிறது. வள்ளக்காரர் எங்கள் கூட்டத்துக்கு வந்து, ஏலப் பணத்தையாவது கொடுக்கச் சொல்லிக் கேட்டார். செலவான பணம் திரும்பாது, செலவு முறைப்படி மேற்பார்வையிடப்பட்டிருக்கிறது என்றார் தலைவர். சாட்சிக்கு என் கையெழுத்தைக் காட்டினார். அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். உடைமைக்காரருக்குப் பாக்கி எதுவும் இல்லை என்பதை நேரில் விசாரித்து உறுதி செய்தேன் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேனாம்.

எனக்குக் கூசிப்போயிற்று. அதை மறைக்க, நகர்ந்து இடம் விட்டு அவரை உட்காரச் சொன்னேன்.

அவர் உட்காரவில்லை. பெஞ்சின் ஓரத்தில் வரிசையாக இருந்த பழைய ஆணித் துளைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது நம்ம வள்ளத்துப் பலகைல்லா, அண்ணாச்சி" என்றார். "நீங்க இருங்க. நான் நின்னுக்கிடுதேன்."

தலைவர் அடுத்த காகிதத்தை நீட்டினார். அப்போதாவது நான் எழுந்திருக்கவேண்டும். உட்கார்ந்தபடியே பேனாவை வாங்கிக்கொண்டேன்.