பீரோவின் முதுகில் விழுந்த தட்டு

விமானப்படைப் பாராசூட் கூடத்தில் அவருக்கு ‘மடிப்பு’ என்றுதான் பெயர். மீசை முளைத்த நாளிலிருந்து பாராசூட் மடிக்கிற கை. வீட்டில் போர்வையை மடித்து வைத்தால்கூட அலமாரியைத் திறந்ததும் குடையாக விரிகிறது என்பது அவர் மனைவியின் புகார்.

பாராசூட் பையை ஆள் மாட்டியதும் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். அது அவர் கூடத்து ராசி. தட்டாமல் அனுப்பினால் அவருக்குச் சோறு இறங்காது. கப்பல்படைக்காரன் விசிலடித்தால் புயல் வரும் என்பான். தரைப்படைக்காரன் ‘கடைசி’ என்று சொன்னால் அதுவே கடைசியாகிவிடும் என்பான். சட்டைதான் வேறு வேறு, பயம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

அன்று தரைப்படை ஆட்கள் குதிக்கும் பயிற்சி. புது ரகப் பாராசூட் என்பதால் மடிப்பையும் விமானத்தில் ஏற்றி, இடுப்பில் வார் கட்டி, வாரை விமானச் சுவரில் மாட்டி, வாசலோரம் நிறுத்தினார்கள். முதலில் குதிப்பவன் ‘பீரோ’. அவன் நுழைந்தபோது விமானமே ஒரு பக்கம் சாய்ந்தது.

“அண்ணே, இது என் வெயிட்டத் தாங்குமா?”

“உன் மாமியாரையும் சேத்துக் கட்டுடா, தாங்கும்.”

ஆட்களைக் குதிக்கவிடும் தரைப்படை ஹவில்தார் சிரிக்கவில்லை. கதவைத் திறந்தார். காற்று காதைப் பிய்த்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. கீழே ஏரி, அதைத் தாண்டித்தான் இறங்கவேண்டிய திடல். பச்சை எரிந்தால்தான் குதிக்கலாம். காலில் கட்டிய சாமான் மூட்டையோடு ஏரியில் விழுந்தால் மீனுக்கு விருந்துதான்.

அப்போதுதான் மடிப்புக்கு உறைத்தது. ஏறிய அவசரத்தில் பீரோவைத் தட்டவில்லை! கை சும்மா இருக்குமா? முதுகில் பளாரென்று ஒன்று வைத்தார்.

தரைப்படைக்காரனுக்கு வாசலில் முதுகில் விழும் தட்டு என்றால் ‘போ’. அந்த இரைச்சலில் வேறெப்படி உத்தரவு போடுவது? பீரோ விளக்கைப் பார்க்கவில்லை. காலை வெளியே வைத்துவிட்டான்.

மடிப்பு பாய்ந்து அவன் தோள்பட்டையைப் பிடித்தார். மலையோடு எலியும் போனது. வார் விறைத்தது, இடுப்பு இரண்டாகப் பிளந்தது. பாதி பீரோ வெளியே தொங்கினான். ஒரு விரல் நழுவியது. இன்னொன்றும்.

“விட்டுடாதீங்கண்ணே!”

“கால உள்ள வைடா, எருமை!”

ஹவில்தார் தாவிவந்து அவன் பெல்ட்டைப் பற்றினார். இருவருமாக இழுக்க, பீரோ தரையில் வந்து விழுந்தான்.

“யாருய்யா தட்டுனது?”

“எங்க படையில அது ஆசீர்வாதம் சார்.”

“எங்க படையில அது உத்தரவுய்யா!”

மடிப்பு பீரோவின் பையைத் தடவினார். இழுத்த இழுப்பில் ஓரத் தையலில் ஒரு நூல் அறுந்திருந்தது. பச்சை எரிந்தது. பீரோ எழுந்தான்.

“நீ குதிக்கக்கூடாது.”

“ஒரு நூலுதானண்ணே!”

“மடிச்சவன் சொல்றேன். உக்காரு.”

ஹவில்தார் மடிப்பின் முகத்தைப் பார்த்தார். பீரோவை ஒதுக்கிவிட்டு அடுத்தவனை அனுப்பினார்.

விமானம் தரையைத் தொடும்வரை பீரோ முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

“குதிக்காம எறங்குனவன்தான் எல்லாரோட பாராசூட்டையும் சுமக்கணும். எங்க வழக்கம். வருஷம் பூராச் சிரிப்பானுங்க.”

வண்டியேறித் திடலுக்குப் போனபோது, குதித்தவர்கள் கழற்றிய பாராசூட்கள் துணிக் குவியல்களாகக் கிடந்தன. மடிப்பு இடுப்பைப் பிடித்துக்கொண்டே போய், பெரிய குவியலாகப் பார்த்துத் தோளில் போட்டார்.

“நீங்க ஏண்ணே?”

“எங்க படையிலயும் இதான்டா வழக்கம்.”

பச்சைப் பொய்.