முப்பத்தேழாம் எண் ஜெர்சியின் தையல்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி வைத்திருக்கும் சிவராஜ் எதையும் லேசில் நம்பமாட்டான். ஜரிகை வாங்கப் போனால் கடைக்காரர் கண்ணெதிரிலேயே ஓர் இழையைச் சுரண்டுவான். அசல் ஜரிகைக்கு அடையாளமான சிவப்புப் பட்டு உள்ளே தெரிந்த பிறகுதான் பணப்பையைத் திறப்பான். கோயில் புளியோதரையைக்கூட மோந்து பார்த்துத்தான் தின்பான் என்று அவன் மனைவி கலைவாணி சொல்வாள். மிகையில்லை.

அப்பேர்ப்பட்டவன் மனசைப் பறிகொடுத்தது கடலுக்கு அந்தப் பக்கத்து ஆட்டக்காரன் ஒருவனிடம். பெயர் டெல்மர் ஹாகின்ஸ். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆட்களை இடித்துத் தள்ளி ஓடுகிறவனுக்கு ரன்னிங் பேக் என்று பெயர். ஹாகின்ஸ் பன்னிரண்டு வருஷம் அப்படி ஓடி ஓய்வு பெற்றவன். விழுந்தால் எழுந்து, பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் போவான். கைபேசியில் அதைப் பார்த்த நாளிலிருந்து சிவராஜுக்குக் கிறுக்கு. அவன் படம் போட்ட சீட்டுகள், பழைய நுழைவுச்சீட்டு, பத்திரிகை அட்டை என்று பீரோவில் ஒரு தட்டே நிரம்பிவிட்டது. கையெழுத்துப் போட்டதென்று வாங்கிய படம் வெறும் அச்சு என்று தெரிந்தபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை.

டெக்சாஸில் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து நண்பன் ஆனந்தராஜ், கருடசேவைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவன், ஒரு பொட்டலத்தை நீட்டினான்.

"ஹாகின்ஸ் ஆட்டத்துல போட்டுக்கினு இருந்த முப்பத்தேழாம் நம்பர் ஜெர்சிபா. ரெண்டு வருஷம் தேடி வாங்கினேன்."

"அத்தாட்சி?"

"லெட்டர் இருக்குது. எடுத்தார மறந்துட்டேன். போனதும் அனுப்பறேன்."

மறந்துவிட்டானாம்! சிவராஜுக்கு அப்போதே சுருக்கென்றது.

ஆனந்தராஜ் திரும்பிப் போய்ப் பத்து நாளாகியும் கடிதம் வரவில்லை. சிவராஜ் ஜெர்சியை வெளிச்சத்தில் விரித்தான். இடது தோளில் இரண்டு கிழிசல்கள். நிறம் சேராத நூலில் கோணல்மாணலாகத் தைத்திருந்தது. காஞ்சிபுரத்தில் சேலையில் இவ்வளவு தையல் இருந்தால் முதலாளி ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடுவார்.

"தள்ளுபடி சரக்கை என் தலைல கட்டிட்டான்."

"அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொடேன்," என்றாள் கலைவாணி.

"கேட்டா பொய் சொல்லுவான்."

ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தான். அடியில் வேறு துணி ஒட்டியிருக்கும், போலி வெளிப்பட்டுவிடும் என்று நினைத்தான். வெறும் கிழிசல்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் கைபேசியில் கடிதம் வந்தது. கூடவே ஒரு படமும் ஆனந்தராஜின் குரலும்.

"அன்னிக்கு ஆட்டத்துல தோள் கிழிஞ்சி, அங்கயே தெச்சிக் குடுத்தாங்கபா. அந்தத் தையல் படத்தோட பொருந்தினாத்தான் அசல்னு ஒத்துக்குவாங்க. வெறும் லெட்டரை நீ நம்பமாட்டேன்னு தெரியும். அதான் படத்தைத் தேடிப் புடிக்க இத்தனை நாளாச்சு."

படத்தில் ஹாகின்ஸ் தோளில் அதே இரண்டு கோணல் தையல்கள்.

சிவராஜ் ஜெர்சியை மடியில் போட்டுக்கொண்டான். ஊசியில் நூல் கோத்தான். படத்தைப் பார்த்து அப்படியே தைக்க அவன் கைக்கு அரை மணி போதும். எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் தைத்தால் அது அவன் கையால் செய்த போலி. வெட்கமாக இருந்தது. ஊசியை வைத்துவிட்டு போன் போட்டான்.

"தையலைப் பிரிச்சிட்டேன்பா. நீ ஏமாத்தறேன்னு நெனைச்சிட்டேன்."



"என்னையே சுரண்டிப் பாத்துட்டியாபா?" என்றான் ஆனந்தராஜ்.