ஒன்பது மணிக்கே சிரித்துவிட்ட மாஸ்டர்

நிறுவனத்தில் அவளுக்குப் பெயர் பதினேழு. பராமரிப்பாளர் எண் பதினேழு என்பதை உடன் வேலை செய்கிறவர்கள் மரியாதை சேர்த்துப் பதினேழக்கா ஆக்கியிருந்தார்கள். வயது நாற்பத்தெட்டு. சோப்புத் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் பெட்டி ஒட்டியவள்; அதை இழுத்து மூடியதும், வீடு தேடிப் போய் நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் இந்த வேலைக்கு வந்தாள். பயிற்சி பன்னிரண்டு நாள், ஒரு ரப்பர் பொம்மையின்மேல். அருமையான நோயாளி அந்தப் பொம்மை. புரட்டினால் புரளும், ஊசி குத்தினால் முனகாது, ஒரு நாளும் புரையேறாது. சான்றிதழ் கொடுத்தவர், "நிஜ ஆளும் கிட்டத்தட்ட இப்படித்தாம்மா, தைரியமா போ" என்று வாழ்த்தி அனுப்பினார்.

நிஜ ஆள் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். முப்பது வருடம் மைதானம் அதிரக் கத்தியவர். பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தைச் சாய்த்ததோடு சொற்களையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போனது. போகிற போக்கில் ஒன்றே ஒன்றை விட்டுவைத்தது: "சரி." பசித்தாலும் சரி, முதுகு எரிந்தாலும் சரி, பதினேழக்கா சவரம் செய்கையில் மீசையைக் கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டால் ஜன்னல் கண்ணாடி நடுங்குகிற மாதிரி ஒரு சரி. போதாக்குறைக்குச் சர்க்கரை வியாதி. சாப்பாட்டுக்கு முன் ஊசி, ஊசி போட்ட கால் மணிக்குள் சாப்பாடு. இதில் ஒன்று தப்பினால் மற்றது விஷம்.

இந்த உண்மையை நிறுவனம் மிகுந்த அக்கறையோடு ஒரு படிவத்தில் அடக்கியிருந்தது. காலை முதல் மாலை வரை நாற்பது கட்டங்கள். எல்லாவற்றையும் நிரப்பி, போட்டோ எடுத்து, ஒன்பது மணிக்குள் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பத்து மணிக்கு அங்கே தினசரி அறிக்கை தயாராகிவிடும். மாலை நாலு மணிக்கு நடப்பதைக் காலை ஒன்பதுக்குள் எப்படி எழுதுவது என்று சேர்ந்த புதிதில் கேட்டாள். "அனுபவத்துல வந்துடும்" என்றார்கள். வந்துவிட்டது. இரண்டு வருடமாகத் தினமும் காலையிலேயே எழுதிவந்தாள்: 'மதியம் 1.00 – முழுவதும் சாப்பிட்டார், மகிழ்ச்சியாக இருந்தார். மாலை 4.00 – சிரித்தார்.'

பொய்யைப் படிவத்தில் வைத்ததால் நிஜத்துக்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது. துணி உலர்த்தும் கிளிப் ஐந்தை ஜன்னல் திரையின் இடது ஓரத்தில் மாட்டினாள். ஊசிக்குச் சிவப்பு, சாப்பாட்டுக்குப் பச்சை, மாத்திரைகளுக்கு மூன்று மஞ்சள். வேலை முடிய முடிய ஒவ்வொன்றும் வலது ஓரத்துக்குப் போகும். அந்த வீட்டில் மாஸ்டரின் உயிர் திரைச்சீலையில் ஊசலாடியது என்றால் அது வெறும் வர்ணனை அல்ல. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகளும் அறைக்குள் எட்டிப் பார்த்தால் திரையைத்தான் பார்ப்பாள்.

அன்று பன்னிரண்டரைக்கு ஊசி போட்டு, சிவப்பைத் தள்ளிவிட்டுத் திரும்பினாள். வாசலில் மணி. மூன்று மணிக்கு வருவதாக இருந்த, நிறுவனத்தின் தர அதிகாரி கையில் டேப்லெட்டோடு நின்றிருந்தார்.

சுற்றறிக்கை அவள் தலைக்குள் மின்னியது: 'நோயாளியின் அறையில் தேவையற்ற பொருட்கள் தொங்கக் கூடாது.' ஓடிப் போய் ஐந்து கிளிப்பையும் பிடுங்கி மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பக்கத்து அறையில் மகள் காதில் ஹெட்போனோடு மீட்டிங்கில் இருந்தாள். "மேடம், ஐயாவுக்குச் சாப்பாடு மட்டும் குடுத்துடுங்க, ஊசி போட்டாச்சு." மகள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் மீட்டிங்கில் இருந்தவருக்கு.

"உட்காருங்கம்மா, அறுபத்து நாலே கேள்விதான்" என்றார் அதிகாரி. "நடுவுல மட்டும் எழுந்துக்காதீங்க. கொஞ்ச நேரம் தொடாம விட்டா இது முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். கேள்வி ஒண்ணு. நோயாளியின் பாதுகாப்பே உங்கள் முதல் கடமையா?"

"ஆமா சார்."

பத்தாவது கேள்விக்கு மணி பன்னிரண்டு ஐம்பது. உள்ளேயிருந்து கரண்டிச் சத்தம் வரவில்லை. பைக்குள் விரல் பச்சைக் கிளிப்பைத் தேடியது. ஐந்தும் தொடுவதற்கு ஒரே மாதிரி இருந்தன.

"சார், ஒரே ஒரு நிமிஷம் உள்ள போய்..."

"இருபத்தொண்ணு. அவசர நேரத்தில் உடனடியாகச் செயல்படுவீர்களா?"

"செயல்படுவேன் சார். அதான், ஒரு நிமிஷம்..."

"அதை எழுதிக்கிட்டேம்மா. இருபத்திரண்டு."

ஒன்றேகாலுக்கு மகள் தண்ணீர் எடுக்க வந்தாள். பதினேழக்கா நாற்காலி நுனிக்கு வந்தாள். "மேடம், ஐயா சாப்பிட்டாரா?"

"ஆச்சே."

"எவ்வளவு சாப்பிட்டார்?"

"முழுசும். மகிழ்ச்சியா இருந்தார்." மகள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். "ஃபாரத்துல எழுதியிருக்கீங்களேக்கா. திரையில கிளிப்பைக் காணோம், அதான் அதைப் பார்த்தேன்."

பதினேழக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஊசி போட்டு முக்கால் மணி.

அவள் எழுந்தாள். அதிகாரி பதறினார். "ஐயோ, முப்பத்தெட்டு வரைக்கும் வந்துட்டோம்மா! அவர்தான் சாப்பிட்டாச்சே, நீங்களே பதிவு பண்ணியிருக்கீங்க!"

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் இரண்டு பேரும் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அவளைத் தடுப்பார்கள்.

"அது காலைல ஒன்பது மணிக்கு எழுதினது சார்."

"மத்தியானச் சாப்பாட்டையா?"

"நாலு மணிக்குச் சிரிச்சதையும்தான்" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

மாஸ்டர் தலையணையில் சரிந்து கிடந்தார். நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை கொட்டியது, தொட்டால் குளிர்ந்தது. இடது கை போர்வையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"ஐயா! என்னைப் பாருங்க. சரியா?"

பதில் இல்லை. அந்த ஒரு சொல்லும் இல்லை.

விரல் நுனியைக் குத்திச் சர்க்கரை மெஷினில் வைத்தாள். நாற்பத்தாறு. எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. "மேடம், ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க. சார், வேடிக்கை பார்க்காம அந்தப் பக்கம் தோளைத் தாங்குங்க." அதிகாரி டேப்லெட்டை எங்கே வைப்பது என்று ஒரு கணம் விழித்து, மாஸ்டரின் காலடியில் வைத்தார். தூக்கி நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். குளுக்கோஸ் பொடியில் சொட்டுத் தண்ணீர் விட்டுப் பசையாகக் குழைத்தாள். தண்ணியாகக் கொடுத்தால் புரையேறும். ரப்பர் பொம்மை சொல்லித்தராத பாடம்.

"முழுங்குங்க ஐயா." தொண்டையில் விரலை வைத்துக் காத்திருந்தாள். அசையவில்லை. "மாஸ்டர்! முழுங்கு!" மைதானத்துக் குரல் அவளிடமிருந்து வந்தது. தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு துளி. இன்னொன்று.

கால் மணி நேரம் காத்திருந்தார்கள். டேப்லெட் மட்டும் கட்டில் நுனியில் ஒளிர்ந்து, முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தது.

மறுபடி குத்தினாள். எழுபத்தொன்பது. மாஸ்டர் மெல்லக் கண்ணைத் திருப்பினார். தன் தோளைக் கட்டிப்பிடித்திருக்கும் முன்பின் தெரியாத ஆளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி" என்றார். கையை எடு என்று அர்த்தம். அதிகாரிக்கும் அது புரிந்தது.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் பார்த்துவிட்டு, இப்போதே ஊட்டுங்கள், சாயங்காலம் வரை மணிக்கொரு தடவை குத்திப் பாருங்கள் என்று சொல்லிப் போனார்கள். அதுவரை அடக்கிக்கொண்டிருந்த மகள் வெடித்தாள்.

"ரெண்டு வருஷமா நான் படிச்சதெல்லாம் பொய்யாக்கா? அப்பா சிரிச்சார்னு படிச்சுப் படிச்சு நிம்மதியா இருந்தேனே!"

"சிரிப்பார் மேடம். ஆனா நாலு மணிக்கு இல்லை. நீங்க மீட்டிங்ல கத்துறப்போ."

மகள் காதில் தொங்கிய ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். பிறகு தானே கிண்ணத்தை எடுத்து அப்பாவுக்கு ஊட்டினாள்.

மூன்றாம் நாள் நிறுவனத்தின் கடிதம் வந்தது. பொய்ப் பதிவு செய்ததற்கு ஓர் எச்சரிக்கை. அதை வாடிக்கையாளர் முன்னிலையில் ஒப்புக்கொண்டதற்கு இன்னொன்று. ஒரு மாதம் கண்காணிப்பில் வைப்பார்கள். இன்னொரு புகார் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கூடவே, நடந்ததிலிருந்து பாடம் கற்றுத் திருத்திய புதிய படிவம். நாற்பத்தோராவது கட்டம் சேர்ந்திருந்தது: 'மேற்கண்டவை அனைத்தும் உண்மையில் நடந்தனவா? ஆம் / இல்லை.' அனுப்ப வேண்டிய நேரம்: காலை ஒன்பது மணிக்குள்.

மறுநாள் பதினேழக்கா காலைச் சாப்பாடு வரைக்கும் நிரப்பினாள். மிச்சத்தைக் காலியாக விட்டுப் போட்டோ எடுத்து அனுப்பினாள். ஒன்பது மூன்றுக்கு அலுவலகத்திலிருந்து போன். அவள் மாஸ்டரின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள்தான் எடுத்தாள்.

"முப்பது கட்டம் காலியா இருக்கே மேடம்? இதைப் புகாராத்தான் எடுத்துக்கணும்."

"புகார் நாங்கதானே குடுக்கணும்? நாங்க குடுக்கலை."

"நாலு மணிக்குச் சிரிப்பாரா மாட்டாரா, அதையாவது சொல்லுங்க. பத்து மணிக்கு ரிப்போர்ட் போகணும்."

"நாலு மணிக்குக் கூப்பிடுங்க, பார்த்துச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டு, திரையில் பச்சைக் கிளிப்பை வலது ஓரத்துக்குத் தள்ளினாள் மகள்.

"மேடம், மாத்திரை இன்னும் குடுக்கலை. மஞ்சளைத் தொட்டுடாதீங்க" என்றாள் பதினேழக்கா.