பத்து பாஸ், பதினொன்றில் சீட் இல்லை

பல் டாக்டரிடம் போகிறவர் வாயைத் திறந்து காட்டுவார். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வருகிறவரோ "நான் எதுவுமே பண்ணலீங்க" என்று வாசலிலேயே வாக்குமூலம் கொடுத்துவிட்டுத்தான் பெட்டியைக் கீழே இறக்குவார்.

கிழக்குத் தாம்பரத்தில் எனக்கு ஒரு சின்ன சர்வீஸ் கடை. விண்டோஸ் பத்துக்கு இனி கவனிப்பு கிடையாது, பதினொன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்கு வீடு திரையில் அறிவிப்பு வர ஆரம்பித்ததே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வீட்டிலும் வந்திருக்கும். நீங்களும் அதை மூடிவிட்டு வேறு வேலை பார்த்திருப்பீர்கள். அப்படி மூடி மூடிப் பார்த்துக் கடைசியில் பயந்துபோனவர்கள் எல்லாரும் நேராக என் கடைக்குத்தான் வந்தார்கள். வந்ததும் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "சார் இல்லையா?" என்பார்கள். அவர்கள் தேடுகிற சார், என் வீட்டுக்காரர், வீட்டில் இருக்கிறார். டிவி ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றுவதற்கே என்னைத்தான் கூப்பிடுவார். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால், "நான்தான் சார்" என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

கட்-ஆஃப்

பொழிச்சலூரிலிருந்து சுந்தரமூர்த்தி என்பவர் வந்தார். ஸ்கூட்டரின் முன்பக்கம் சிபியுவை நிற்க வைத்து, அதற்குப் போர்வை போர்த்தி, கைக்குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவருகிற பதமாகக் கொண்டுவந்திருந்தார். பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த மண்ணில் கீரை விதைக்கலாம். ஊதித் தள்ளிவிட்டுப் பார்த்தால் பிராசஸர் ரொம்பப் பழசு. பதினொன்று கேட்கிற பாதுகாப்பு சிப்பும் இல்லை.

"சார், இது பத்தோட சரி. பதினொண்ணு ஏறாது" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏறாதுன்னா என்னம்மா அர்த்தம்? பத்துல எவ்வளவு நல்லாப் பண்ணிச்சு தெரியுமா?" என்றார். பிள்ளைக்கு ப்ளஸ் ஒன் சீட் இல்லை என்று கேள்விப்பட்டு ஸ்கூல் கேட்டில் நிற்கிற அப்பா மாதிரியே இருந்தார். எப்படிச் சமாதானம் சொல்வது என்று தெரியாமல், "ஒரு கட்-ஆஃப் வெச்சிருக்காங்க சார், அதுக்குக் கீழ எடுத்துக்க மாட்டாங்க" என்று உளறிவிட்டேன். அவ்வளவுதான், மனிதர் நிமிர்ந்துவிட்டார். அது அவர் வாழ்நாளெல்லாம் புழங்கிய பாஷை. கடையில் வேறு யாரும் இல்லை என்று சுற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, மேஜைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"கட்-ஆஃப் எல்லாம் நானும் பார்த்தவன்தாம்மா. மேனேஜ்மென்ட் கோட்டாவுல ஏதாவது வழி இருக்கா, பாருங்க."

நிக்காஹும் ஈபிஎஃப்பும்

கோட்டா இருக்கிறது. பரீட்சையே வைக்காமல் பின்வாசல் வழியாக உள்ளே தள்ளலாம். ஆனால் அப்படிச் சேர்ந்தது எந்த நேரம் முரண்டு பிடிக்கும் என்று சேர்த்தவருக்கே தெரியாது. பம்மலில் அச்சகம் வைத்திருக்கும் ஜப்பார் பாயின் மிஷின் அந்தக் கோட்டாவில் சேர்ந்ததுதான். சேர்த்தது நானில்லை. பாயின் மகள் அஃப்ரினுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை ரியாஸ். சிறுசேரியில் ஐடி வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனாரின் அச்சகத்துக்கு வந்தவர் அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு வேலையா மாமா" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றினார், புதுசு போட்டார், பதினொன்றை ஏற்றினார், ஃபைல்களை எல்லாம் காப்பி செய்து கொடுத்தார். பழைய டிஸ்கைத் தன் பையில் போட்டுக்கொண்டு நாவலூரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

பாய் தமிழ் அடிப்பது அந்தக் காலத்து ஃபான்ட்டில். அந்த ஃபான்ட் இருக்கிறவரைக்கும்தான் அது தமிழ். இல்லாவிட்டால் தாறுமாறான இங்கிலீஷ் எழுத்துகள். மாப்பிள்ளை ஃபைல்களைக் கொண்டுவந்தாரே தவிர ஃபான்ட்டை விட்டுவிட்டார். ஃபான்ட்டைத் தேடிப் போட்டாலும், அதில் டைப் அடிக்கிற பழைய சாஃப்ட்வேர் பதினொன்றில் ஓடவே மாட்டேன் என்கிறது. ஊரில் எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பத்திரிகை அடித்த மனிதரால் சொந்த மகளின் பத்திரிகையை அடிக்க முடியவில்லை. சம்பந்தி வீட்டில் தினமும் கேட்கிறார்கள். மிஷினைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டார். வேறு அச்சகத்தில் கொடுக்கலாமே என்றேன். சமையல்காரரிடம் ஓட்டலில் சாப்பிடச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையிடம் பழைய டிஸ்கைக் கேட்டு வாங்கலாமே என்றேன். அதற்கு அதைவிட மோசமாகப் பார்த்தார். "அவரு ஆசையா செஞ்சு குடுத்தது தங்கச்சி. நீங்க கெடுத்துட்டீங்கன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

சரியாக அந்த நேரம் பாயின் போன் அடித்தது. மாப்பிள்ளை. "மாமா, ஸ்பீடு எப்படி இருக்கு?" என்று கேட்டது எனக்கே கேட்டது. மிஷின் என் மேஜையில் வயிறு திறந்து கிடக்க, "ராக்கெட் மாதிரி போவுது மாப்ள" என்றார் பாய். போனை வைத்துவிட்டு, திரையில் மகளின் பத்திரிகையைக் காட்டினார். புள்ளி வைத்த எழுத்துக்கெல்லாம் ஒரு செமிகோலன். நிக்காஹ் என்று அடித்த இடத்தில் இ, பி, எஃப் என்று ஆரம்பித்து ஏதோ நின்றது.

"தங்கச்சி, இந்தப் பத்திரிகையைக் குடுத்துக் கூப்பிட்டா எவன் விருந்துக்கு வருவான், எல்லாரும் ஈபிஎஃப் கிளைம் ஃபாரத்தைத் தூக்கிக்கிட்டுல்ல மண்டபத்துக்கு வருவான்!"

கன்னிமூலை

பாயின் மிஷினோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நாவலூர் ஏகாம்பரம் அண்ணன் போன் செய்தார். அவருடைய அப்பா நெல் போட்ட இடமெல்லாம் இப்போது அடுக்குமாடி. அண்ணன் மனை வாங்கி விற்கிறார். அவர் மிஷின் நல்ல மிஷின், மெரிட்டிலேயே பதினொன்றில் சேர்ந்தது. சேர்த்தது நான்தான். "யக்கா, என் ஸ்டார்ட்டு பட்டனை எவனோ லவட்டிக்கினு பூட்டான்" என்றார். ஓரத்தில் இல்லை அண்ணா, நடுவில் பாருங்கள் என்றேன். பதினொன்றில் அது அப்படித்தான் வரும். உடனே போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். கூடவே மனைக்கு வாஸ்து பார்க்கிற திசைகாட்டி. லேப்டாப்பை மேஜையில் மல்லாக்கப் படுக்கவைத்து, திரையின் மேல்பக்கத்தை வடக்குக்குத் திருப்பி, கீழே இடது மூலையில் விரலை வைத்தார். "இது இன்னா மூல? கன்னிமூல. இங்க தான பட்டன் குந்திகினு இருந்துச்சு? இப்ப இன்னா கீது பாரு" என்றார். பார்த்தேன். இன்றைய வெயில் எவ்வளவு என்று ஒரு சின்னச் சூரியன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பட்டனைப் பழைய இடத்துக்கு நகர்த்துவது ஒரு நொடி வேலை. ஆனால் அவர் சொல்லி முடிக்காமல் நான் மவுஸைத் தொட முடியாது.

"கன்னிமூலைல வெயில வெச்சுட்டு, கன்னிமூலைல இருக்க வேண்டியத எமன் தெசைல குந்த வெச்சுகீறியேக்கா, அப்பறம் எவன் என்னாண்ட மனை வாங்குவான்? எல்லாப் பார்ட்டியும் பேஜார் பண்ணிகினுதான் போவான்!"

மாமாவுக்குத் தெரியக் கூடாது

மறுநாள் கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு ஒரு பையன் வந்தான். "சார் இல்லையா?" என்று கேட்காமல் நேராக என்னிடமே பேசியதால் முதல் பார்வையிலேயே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. மேஜையில் இருந்த பாயின் மிஷினைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், பைக்குள் கைவிட்டு ஒரு பழைய ஹார்டு டிஸ்கை எடுத்து என் முன்னால் வைத்தான். ரியாஸ்! மாமா மிஷினைத் தூக்கிக்கொண்டு தாம்பரம் போயிருக்கிறார், பத்திரிகை இன்னும் அடிக்கவில்லை என்று அஃப்ரின் அழாத குறையாகப் போனில் சொல்லியிருக்கிறாள். ஆனால் இவன் எப்போது கேட்டாலும் மாமா ராக்கெட் என்கிறார். டிஸ்கை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தால், நீங்கள் சொன்னது பொய்யென்று எனக்குத் தெரியும் மாமா என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி ஆகிவிடாதா?

பெரியவர் மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது என்கிறார், மாப்பிள்ளை பெரியவர் மனசு நோகக் கூடாது என்கிறான், நடுவில் பத்திரிகை ஈபிஎஃப் என்று நிற்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கூடவே, அஃப்ரின் நல்ல இடத்துக்குத்தான் போகிறாள் என்று சந்தோஷமாகவும் இருந்தது. நான் யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஆபீஸ்ல சர்வர் சர்வரா மாத்திக் குடுக்கறவன்க்கா நானு. நிக்காஹுக்கு முன்னாடியே மாமனாரோட தமிழை அழிச்சுட்டேன்னு வெளிய தெரிஞ்சா, எங்கம்மாவே போய் அவங்ககிட்ட பொண்ணு குடுக்காதீங்கன்னு சொல்லிடுவாங்க."

ராக்கெட்

பழைய டிஸ்கையும் பெட்டிக்குள் மாட்டினேன். மிஷினைப் போட்டதும், பத்தா பதினொன்றா என்று திரையில் ஒரு கேள்வி வரும். கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் விட்டால் தானாகவே பதினொன்று திறந்துகொள்ளும். பத்துக்கு இனி பாதுகாப்பு அப்டேட் வராது என்பதால் அதற்கு இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டேன், அச்சகத்துக்கு அது தேவையும் இல்லை. பாய் வந்தார். பத்தைத் திறந்து பத்திரிகையைக் காட்டினேன். மகள் பெயரை வாய்விட்டுப் படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எப்படிம்மா வந்துச்சு?" என்றார். "ரிக்கவரி பண்ணேன் பாய்" என்றேன். எங்கள் தொழிலில் அந்த வார்த்தைக்குமேல் யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. "அப்ப பதினொண்ணை எடுத்துடவா?" என்று கேட்டதற்கு, "ஐயோ, எடுத்துடாதம்மா! மாப்ள வந்தா எதைக் காட்டுவேன்?" என்று பதறிப்போனார்.

பத்திரிகை அச்சாகி எனக்கும் வந்தது. அச்சுப் பிழை ஒன்றுகூட இல்லை. நான் முதலில் செமிகோலன் இருக்கிறதா என்றுதான் தேடினேன். பல்லாவரத்தில் நிக்காஹ் நடந்தது, பிரியாணியும் பிரமாதம். சில மாதம் கழித்து லேப்டாப் சார்ஜர் வாங்க ரியாஸ் கடைக்கு வந்தான். மாமா மிஷின் எப்படிப்பா இருக்கிறது என்று விசாரித்தேன். அவன் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"நான் போனா மாமா ஓடிப்போய் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவாருக்கா, அந்தப் பத்தா பதினொண்ணான்ற கேள்வி வர்ற நேரம் மட்டும் மானிட்டருக்கு முன்னாடி நின்னுக்கிட்டு 'டீ சாப்பிடுங்க மாப்ள'ம்பாரு, நானும் டீயையே பார்த்துக்கிட்டிருந்துட்டு, அப்புறமா நிமிர்ந்து 'ராக்கெட் மாதிரி போவுது மாமா'ன்னுடுவேன்."

ஒரே பெட்டிக்குள் பழசும் புதுசும் ஒன்றைப் பற்றி ஒன்றுக்குத் தெரியாத மாதிரியே இருந்துகொண்டு சண்டையில்லாமல் ஓடினால், அதற்கு எங்கள் கடையில் டூயல் பூட் என்று பெயர், பாய் வீட்டில் சம்பந்தம் என்று பெயர்.